எட்டு மணி நேரத்தின் வரலாறு

எகிப்தின் லக்சார் நகரில் 1862ஆம் ஆண்டு எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் ஒரு பப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஐ ஒட்டிப் பிரதி செய்யப்பட்ட சுருள் அது. அதன் மூலம் இன்னும் பல நூற்றாண்டுகள் பழையது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் 1930இல் அதை மொழிபெயர்த்து வெளியிட்டபோதுதான் அது 48 நோயாளிகளின் காயங்களை ஒழுங்காக வகைப்படுத்தும் மருத்துவ நூல் என்பது உலகுக்கு முழுமையாகத் தெரியவந்தது. (சுருளை எழுதியவரின் காலத்திலேயே வழக்கொழிந்துபோயிருந்த சொற்களுக்கு அதிலேயே அரும்பதவுரையும் தரப்பட்டிருக்கிறது. உரை எழுதும் வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதை எண்ணித் தமிழ் கற்பிப்பவன் மகிழலாம்.) அதில் 31ஆவது நோயாளி கழுத்து முள்ளெலும்பு நழுவியவன். கைகளையும் கால்களையும் அவன் உணர்வதில்லை. சிறுநீர் அவனறியாமல் சொட்டுகிறது. இது மருத்துவன் கையாளத் தகாத நோய் என்பது அந்நூலின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 3500 ஆண்டுகள் மாறவில்லை. முதல் உலகப்போரில் தண்டுவடம் அறுந்த வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன்தான் அந்த மரணத்தை மாற்றினார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் அவர். அவரிடம் புதுமருந்து எதுவும் இருக்கவில்லை. நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார், சிறுநீர்ப்பையைக் கவனித்தார், வேலை கொடுத்தார், விளையாடவைத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று அதே மருத்துவமனையின் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்கள் வில் எய்தனர். இன்றைய பாராலிம்பிக்கின் தொடக்கம் அதுதான். ஆனால் குட்மனின் நோயாளிகள் உயிர்பிழைத்தார்களே தவிர, செயலிழந்த கால்கள் திரும்பவில்லை. அதற்கு மருந்து வேண்டும். இக்கட்டுரை அந்த மருந்தைத் தேடியவர்களைப் பற்றியது. அதைவிட, கிடைத்துவிட்டது என்று அவர்கள் எவ்வாறு நம்பினார்கள் என்பதைப் பற்றியது.

தேடலுக்குக் கதவைத் திறந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆல்பிரட் ரெஜினால்ட் ஆலன். அவர் 1911இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. நாயின் தண்டுவடத்தைத் திறந்து, குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து அதன்மீது விழவைத்தார். எடையையும் உயரத்தையும் பெருக்கினால் காயத்தின் அளவு. கொடுமையான சோதனைதான், ஆயினும் காயத்தை அளவிட முடியும் என்பது அதற்குமுன் யாருக்கும் தோன்றாதது. அடிபட்ட கணத்தில் தண்டுவடம் முழுவதும் மடிந்துவிடவில்லை என்பதை ஆலன் கண்டார். அடி ஒரு கணம்தான். அதன் பிறகு வீக்கமும் இரத்தக் கசிவும் இன்னதென்று தெரியாத ஏதோ ஒரு நச்சும் மணிக்கணக்கில் நின்று, அடி விட்டுவைத்ததையும் அழிக்கின்றன. அந்த இரண்டாவது அழிவை நிறுத்தினால் எஞ்சியதைக் காப்பாற்றலாம். ஆலன் 1918இல் பிரான்சின் போர்க்களத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்றது இந்த ‘மணிக்கணக்கு’ என்னும் எண்ணம். இதன் பின் வருவதெல்லாம் அந்த எண்ணத்தின் கிளைகளே.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948இல் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோருக்கு 1950இலேயே நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு என்பதிலிருந்து அக்காலத்தின் மனநிலையை ஊகிக்கலாம். வீக்கம் எங்கிருந்தாலும் ஸ்டீராய்டு வற்றச்செய்யும் என்ற நம்பிக்கை பரவியது. மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்சாமெத்தசோன் குறைக்கிறது என்று 1961இல் மினசோட்டாவிலிருந்து செய்தி வந்தது. அது உண்மையும்கூட, இன்றும் அதற்குப் பயன்படுகிறது. அங்கிருந்து தண்டுவடத்துக்குத் தாவுவது ஒரு சிறிய எட்டுதான். மூளையின் தொடர்ச்சிதானே தண்டுவடம்? அங்கும் வீக்கம்தானே? விலங்குச் சோதனைகள் சில நல்ல முடிவுகளையும் தந்தன. ஆக, 1970களில் தண்டுவடம் நசுங்கி வருபவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மனிதர்களில் முறையாகச் சோதித்து நிலைநாட்டிய வழக்கம் அன்று அது.

அதைச் சோதிக்க முன்வந்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் நோய்ப்பரவலியல் அறிஞர் மைக்கேல் பிராக்கன். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியுதவியோடு அவரது குழு நடத்திய முதல் ஆய்வு 1984இல் வெளியானது. மொத்தம் 330 நோயாளிகள். ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன், மறுபாதிக்கு 1000 மில்லிகிராம், பத்து நாட்கள்.

இரண்டு தரப்புக்கும் மருந்து உண்டு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். மருந்தே இல்லாத, உப்புநீர் மட்டும் ஏற்றப்பட்ட மூன்றாவது தரப்பு இல்லை. ஏன்? ஸ்டீராய்டு கொடுக்காமல் விடுவது அறமாகாது என்று மருத்துவர்கள் கருதினார்கள். பயன் தருமா என்று அறியத்தான் ஆய்வு. பயன் தரும் என்ற நம்பிக்கை அந்த ஆய்வை நடத்தவிடவில்லை. கருணை அறிவின் வழியை மறித்து நின்ற இடம் இது. முடிவு என்ன? இரு தரப்புக்கும் மீட்சியில் வேறுபாடு இல்லை. அதிக மருந்து பெற்றவர்களுக்குப் புண்களில் தொற்று அதிகம். ஆனால் வேறுபாடு இல்லை என்பதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். இரண்டு அளவும் சமமாகப் பயன்பட்டன என்றும் சொல்லலாம், இரண்டும் சமமாகப் பயனற்றவை என்றும் சொல்லலாம். எது சரி என்று சொல்லக்கூடிய மூன்றாவது தரப்புதான் இல்லையே.

அதற்குள் விலங்குச் சோதனைக்கூடங்களிலிருந்து வேறொரு விளக்கம் வந்தது. அந்த மருந்தைத் தயாரித்த அப்ஜான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஸ்டீராய்டின் வேலை வீக்கத்தைக் குறைப்பதல்ல, காயம்பட்ட நரம்பணுக்களின் கொழுப்புச் சவ்வு ஆக்சிஜன் அணுக்கூறுகளால் அரிக்கப்படுவதைத் தடுப்பதே என்றார்கள். அதற்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும். முதல் ஆய்வு தோற்றது மருந்து போதாமையால்தான் என்று இப்போது பொருள் கொள்ளப்பட்டது.

இரண்டாம் ஆய்வின் அளவு அவ்வாறே வகுக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் 15 நிமிடத்தில் 1800 மில்லிகிராம். 45 நிமிட இடைவெளி. பிறகு மணிக்கு 324 மில்லிகிராம் வீதம் 23 மணி நேரம். ஒரே நாளில் ஒன்பது கிராமுக்கு மேல். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்கும் பத்து மில்லிகிராம் பிரட்னிசோலோன் மாத்திரைகளாகக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளின் வீரியம். இம்முறை மூன்று தரப்புகள்: இந்த மருந்து ஒன்று, நாலாக்சோன் என்னும் வேறொரு மருந்து இரண்டு, மருந்துப்போலி மூன்று. 487 நோயாளிகள். நேர்மையான அமைப்பு என்றே சொல்லவேண்டும்.

முடிவு வெளியான விதம்தான் விசித்திரமானது. கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அச்சேறியது 1990 மே 17 அன்று. ஆனால் மார்ச் இறுதியிலேயே அரசு நிறுவனம் பத்திரிகையாளர்களுக்குச் செய்தியை அறிவித்துவிட்டது. மருத்துவர்களுக்கும் தகவல் அனுப்பப்பட்டது. ஒவ்வொரு நாளும் இளைஞர்கள் கழுத்து முறிந்து வரும்போது அச்சகத்துக்காகக் காத்திருக்கலாமா என்பது அவர்கள் தரப்பு வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு, மூலம் வருவதற்கு ஏழு வாரம் முன்பே உரை வந்து சேர்ந்தது. மூலத்தை யாரும் படித்திராத நிலையில் உரையே மூலமாயிற்று.

அந்த உரை சொன்னது இதுதான்: காயம்பட்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு. மே மாதத்தில் வந்த மூலம் சொன்னது கொஞ்சம் வேறு. மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் தசைவலு மீட்சியில் மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளிகளை நேரவாரியாகப் பிரித்து, எட்டு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோதுதான் வேறுபாடு தென்பட்டது. அவ்வாறு பிரித்தபின் ஒப்பிடுவதற்கு எஞ்சியவர்கள் இரு தரப்பிலும் சேர்ந்து ஏறத்தாழ 130 பேர். ஆறு மாதம் கழித்து மருந்து பெற்றவர்களின் வலு 16.0 புள்ளிகள் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 11.2. மொத்த அளவுகோல் 70 புள்ளிகள். அதிலும் கட்டுரையில் தரப்பட்டது உடலின் ஒரு பக்கத் தசைகளின் கணக்கு மட்டுமே. ஏன் எட்டு? ஆறோ பத்தோ ஏன் இல்லை? சீக்கிரம் கொடுத்தால் நல்லது என்ற கருதுகோள் முன்பே இருந்தது என்று பிராக்கன் பின்னாளில் வாதிட்டார். அது ஏற்கத்தக்கதே. ஆனால் எட்டு என்ற கோடு நோயாளிகளை ஏறத்தாழ இரு பாதியாக வகுக்க வசதியாக விழுந்த இடம். தண்டுவடத்தின் உயிரியலிலிருந்து பிறந்த எண் அன்று. மேலும், எட்டு மணிக்குப் பின் மருந்து பெற்றவர்கள் மருந்துப்போலி பெற்றவர்களைவிடக் குறைவாகவே மீண்டார்கள் என்று அதே ஆய்வின் ஓராண்டுக் கணக்கு கூறியது. முற்பாதியை நம்புபவர் பிற்பாதியையும் நம்பவேண்டும். பிற்பாதியைப் பெரும்பாலோர் பேசவில்லை.

பதிப்பியல் வகுப்பில் இடைச்செருகல் பற்றிச் சொல்லும்போது மாணவர்களிடம் நான் அடிக்கடி ஒன்று சொல்வதுண்டு: பொய் சொல்ல நினைத்தவர்கள் ஏட்டில் நுழைத்தவற்றைவிட, நல்லது நினைத்தவர்கள் நுழைத்தவையே அதிகம். அன்புமிக்க ஒரு மாணாக்கன் ஆசிரியர் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று ஓரத்தில் எழுதுகிறான். அடுத்துப் படியெடுப்பவன் அதை உள்ளே சேர்த்துவிடுகிறான். பிராக்கன் குழுவினர் எதையும் பொய்யாகச் சேர்க்கவில்லை. ஓரக்குறிப்பு நிலையில் இருக்கவேண்டிய ஒரு கண்டுபிடிப்பு மூலபாடமாக ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அதை ஆவலோடு ஏற்றவர்களைக் குறைசொல்லுமுன் ஐந்து புள்ளி என்றால் என்ன என்று எண்ணிப்பார்க்கவேண்டும். கழுத்தில் ஐந்தாவது நரம்பு வரை மட்டும் எஞ்சியவருக்கு முழங்கையை மடக்க வரும். மணிக்கட்டை உயர்த்த வராது. ஆறாவது நரம்பும் கிடைத்துவிட்டால் மணிக்கட்டு உயரும். மணிக்கட்டு உயரும்போது செயலற்ற விரல்கள் தசைநாண்களின் இழுப்பால் தாமாகவே உள்நோக்கி வளையும். அந்த வளைவில் ஒரு குவளையைப் பிடிக்கலாம், கரண்டியைச் செருகிக்கொண்டு தானே உண்ணலாம். ஏழாவதும் கிடைத்தால் முழங்கை நீளும். கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறலாம். ஒரு நரம்பு என்பது வாழ்நாள் முழுவதும் இன்னொருவர் ஊட்டிவிடுவதற்கும் தானே உண்பதற்கும் உள்ள தொலைவு. ஐந்து புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் அது நிகழலாம். பல தசைகளில் சிதறினால் யாரும் எதையும் உணரமாட்டார்கள். குவிந்தனவா சிதறினவா? நோயாளி அன்றாடம் எதைச் செய்ய முடிகிறது என்ற அளவுகோலை அந்த ஆய்வு வைத்திருக்கவில்லை. மூன்றாவது ஆய்வில்தான் அது சேர்க்கப்பட்டது.

அந்த மூன்றாவது ஆய்வு 1997இல் வெளிவந்தது. 499 நோயாளிகள், 16 மருத்துவமனைகள். மறுபடியும் மருந்துப்போலி இல்லை. இரண்டாவது ஆய்வு பலனை நிலைநாட்டிவிட்டதாகக் கருதப்பட்டதால் மருந்தை மறுப்பது அறமாகாதாம். ஆக மூன்று ஆய்வுகளில் ஒன்றில் மட்டுமே வினா முழுமையாகக் கேட்கப்பட்டது. அந்த ஒன்றின் விடையும் ஒரு துணைப்பிரிவில் தங்கியது. மூன்று மணிக்குள் தொடங்கினால் 24 மணி நேரம், மூன்றிலிருந்து எட்டுக்குள் என்றால் 48 மணி நேரம் என்று புதுவிதி எழுந்தது. 48 மணி நேரம் மருந்து பெற்றவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் இரத்தத்தில் பரவும் கிருமித்தொற்றும் அதிகம் என்பதும் அதே கட்டுரையில் இருந்தது.

மறுப்புகள் 1990களின் இறுதியில் எழுந்தன. 1998இல் நேசதுரை, 2000இல் கால்கரி பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் ஹர்ல்பர்ட், அதே ஆண்டில் கோல்மனும் அவரது நண்பர்களும். துணைப்பிரிவு, ஒருபக்கக் கணக்கு, மூலத்தரவு பிறர் பார்வைக்குக் கிடைக்காமை என்பவை அவர்களின் கேள்விகள். 106 பேரைக் கொண்ட பிரெஞ்சு ஆய்வொன்றும் 2000இல் வந்தது. அதில் மருந்தால் பயன் காணப்படவில்லை. கேள்விகள் கடுமையானவை. ஆனால் நடைமுறை அசையவில்லை. காரணம் மருத்துவத்தில் இல்லை, நீதிமன்றத்தில் இருந்தது. மருந்து கொடுத்து நோயாளி நடக்கவில்லை என்றால் விதி. கொடுக்காமல் நடக்கவில்லை என்றால் வழக்கு. அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர்களிடம் எடுத்து 2006இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் இம்மருந்தைக் கொடுத்துவந்தனர். பலன் உண்டு என்ற நம்பிக்கையால் கொடுப்பதாகச் சொன்னவர்கள் நான்கில் ஒருவரே. எஞ்சியோர் மருத்துவமனை விதிக்காகவும் வழக்குக்கு அஞ்சியும் கொடுத்தனர். இத்தனைக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தண்டுவடக் காயத்துக்கென்று இந்த மருந்துக்கு ஒருபோதும் ஒப்புதல் அளித்ததில்லை.

பிடி தளர்ந்ததற்குப் பக்கத்து உறுப்பு ஒன்றும் காரணம். தலைக்காயத்துக்கும் முப்பதாண்டுகளாக ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். அதைச் சோதிக்க ‘கிராஷ்’ என்ற பெயரில் பல நாடுகளில் ஒரு பேராய்வு தொடங்கியது. இலக்கு 20,000 நோயாளிகள். இம்முறை மருந்துப்போலி இருந்தது. 10,008 பேரைச் சேர்த்த நிலையில் நிறுத்தவேண்டி வந்தது. முதல் இரண்டு வாரங்களில் மருந்து பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினரும் மருந்துப்போலி பெற்றவர்களில் 17.9 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். 2004இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. நூற்றுக்கு மூன்று என்பது படுக்கையருகே நிற்கும் மருத்துவரின் கண்ணுக்குப் புலப்படும் எண் அன்று. யாரோ இறக்கிறார்கள், காயம் பெரிது என்று மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்தவரிடம் போகிறார். பத்தாயிரம் பேரை நிறுத்திவைத்து எண்ணினால்தான் அது தெரிகிறது. முப்பதாண்டுகளில் உலகெங்கும் எத்தனை பேர் என்று கணக்கிட மனம் துணியவில்லை. மூளையில் கண்டதைத் தண்டுவடத்துக்கு அப்படியே ஏற்றிச்சொல்ல முடியாதுதான். ஆனால் ஸ்டீராய்டை மூளையிலிருந்து தண்டுவடத்துக்குக் கொண்டுவந்ததே அந்த ஒப்புமைதான் என்பதை மறக்க முடியாது.

அமெரிக்க நரம்பு அறுவையாளர் சங்கங்கள் 2002இல் இம்மருந்தை விருப்பத்துக்குரிய ஒன்றாகக் குறைத்தன. பக்கவிளைவுக்கான சான்று பலனுக்கான சான்றைவிட உறுதியானது என்ற எச்சரிக்கையோடு. 2013இல் ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று வெளிப்படையாக எழுதின. அந்தப் பகுதியின் முதன்மை ஆசிரியர் ஹர்ல்பர்ட். கதை இத்துடன் முடிந்துவிடவும் இல்லை. டொரோண்டோவின் மைக்கேல் ஃபெலிங்ஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017இல், எட்டு மணிக்குள் வந்தவருக்கு 24 மணி நேர மருந்தை ஒரு தெரிவாக முன்வைக்கலாம் என்றது. கழுத்துக்குக் கீழே அசைவற்ற இருபது வயது இளைஞனிடம் சிறிதேனும் வாய்ப்பு உண்டென்றால் அதை யார் மறுப்பது என்பது அவர்களின் நிலை. பிராக்கனும் தன் கருத்தை விடவில்லை. இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் கட்டுரையை அவரே தனியாக எழுதினார். 2012இல் புதுப்பித்தபோதும் மருந்துக்கு ஆதரவாகவே எழுதினார். தன் நூலுக்குத் தானே உரையெழுதுவது நம் மரபுக்கும் புதிதன்று. ஆனால் மதிப்பீடு என்று வரும்போது அதைப் பிறர் செய்வதே நல்லது என்பது என் எண்ணம். அவர் நம்பியது முழுக்கப் பிழை என்று சொல்லவும் எவராலும் இயலாது. எட்டு மணி நேரம் என்ற வினாவை மட்டும் முன்கூட்டியே அறிவித்து, மருந்துப்போலியோடு, போதிய எண்ணிக்கையில் சோதித்த ஆய்வு இன்றுவரை நடைபெறவில்லை.

இதற்கிடையே கவனம் அறுவை சிகிச்சைக்கு நகர்ந்துவிட்டது. நசுக்கும் எலும்பை 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் மீட்சி கூடுதல் என்று 313 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு 2012இல் கூறியது. யாருக்கு முன்னதாக, யாருக்குப் பின்னதாக என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த ஆய்வு அன்று அது. இப்போது வழிகாட்டு நூல்களில் எட்டு இருந்த இடத்தில் 24 இருக்கிறது. மருந்தைத் தேடுவோரும் ஓயவில்லை. வேறொரு நரம்புநோய்க்குப் பயன்படும் ரிலுசோல் என்னும் மாத்திரையைத் தண்டுவடக் காயத்தில் மருந்துப்போலியோடு ஒப்பிட்டுச் சோதிக்க 351 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். கொரோனா வந்தது. 193 பேரோடு சேர்க்கை நின்றது. 2023இல் வெளியான முடிவில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. சில துணைப்பிரிவுகளில் மட்டும் நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் தென்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.